தகர ஓடு: பழைய சட்டத்தின் மீதே பொருத்திவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு, மனைப் பகுதியில் சில வாரங்களுக்கு முன் தகர ஓடு எனப்படும் ஓடு வடிவ உலோகத் தகடுகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ஓட்டு வீட்டில் வாழ்பவர்களுக்கு இன்று தேவையான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள வகைகளையும் வண்ணங்களையும் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். ஆனால், "பழைய ஓடுகளை இறக்கிவிட்டு, இருக்கின்ற மரச்சட்டத்தின் மீதே ஒரே நாளில் பொருத்திவிடலாம்" என்று இடையில் வந்த ஒரு வாக்கியத்தைக் கடந்து என்னால் போக முடியவில்லை. அந்த ஒரு நாள் வேலையை என் வீட்டில் செய்து பார்த்து, ஐந்து மாதத்தில் முழுவதையும் கழற்றி, மூன்று வாரம் செலவிட்டு மறுபடியும் பொருத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தகர ஓட்டுக்கு எதிரி அல்லன். வேதாரண்யம் வட்டாரத்தில் என் தாத்தா காலத்துச் சீமை ஓட்டு வீட்டில்தான் வளர்ந்தேன். 1865-இல் மங்களூரில் பேசல் மிஷன் தொடங்கிய ஆலையில் பிறந்து மேற்குக் கடற்கரை முழுவதும் பரவிய அந்த ஓட்டின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஆண்டுதோறும் ஆடி, ஆவணியில் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் களைந்து, திரும்ப அடுக்கித் தருவதற்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பழைய அளவுக்குப் பொருந்தும் ஓடு கிடைப்பதில்லை. கோடியக்கரைப் பக்கத்துக் குரங்குகள் ஊருக்குள் வந்துவிட்டால், நாம் ஒரு மாதம் அடுக்கியதை அவை ஒரு பிற்பகலில் கலைத்துவிடும். கல்நார் அட்டையைப் போடுவதைவிட, தரமான எஃகுத் தகட்டைப் போடுவது எவ்வளவோ மேல். ஆகையால் போடலாமா கூடாதா என்பது அல்ல என் கேள்வி. எதன் மீது, எப்படிப் போடுவது என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் என் குறை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டின் கிழக்குச் சரிவிலிருந்து பாதி ஓடுகள் போயின. ஓடுகள்தான் போயினவே தவிர, கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் அசையவில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே இருந்த சந்துகள் வழியே காற்று உள்ளும் வெளியும் ஊடாடியதாலும், பிடுங்கப்பட்டவை ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டதாலும், மிச்சத்தின் கனம் சட்டத்தைச் சுவரின் மேல் அழுத்திப் பிடித்திருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தார்ப்பாயும் ஒட்டு ஓடுகளுமாகக் காலம் தள்ளிவிட்டு, 2020 ஆவணியில், சதுர அடிக் கணக்கில் கூலி பேசிய ஒரு குழுவிடம் தகர ஓடு போடும் வேலையை ஒப்படைத்தேன். காலையில் ஏறினார்கள்; மாலையில் இறங்கினார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் செங்காவி நிறத்தில் வீடு புதிதாக இருந்தது.

அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாப் பக்கம் வலுவிழந்து நின்ற நாட்களில், டெல்டா முழுவதும் மழை கொட்டியது. பெரிய காற்று என்று சொல்ல முடியாது. அந்தக் காற்றுக்கே, சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பான இறவாரத்துத் தகடுகள் இரவெல்லாம் படபடத்தன. மூன்றாம் நாள் பார்த்தபோது தெற்கு மூலையில், கைமரங்களின் குறுக்கே அடிக்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பர் ஒன்று ஆணியோடு கைமரத்தை விட்டு விலகித் தகட்டுடன் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கி நின்றது. இதுவே கஜாவாக இருந்திருந்தால் தகடு மட்டும் அல்ல, தகட்டோடு சேர்ந்து சட்டமும் பறந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது அதற்கு முன்பே உறைத்திருக்க வேண்டும் என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு.

கணக்கு எளிமையானதுதான். சீமை ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ வரும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு, மேல்படிவும் திருகும் சேர்த்தே சதுர மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டாது. எங்கள் கூரை 60 சதுர மீட்டர். ஆக, 2,400 கிலோவை இறக்கிவிட்டு 300 கிலோவை ஏற்றியிருந்தோம். எடை குறைவதை விற்பவர்கள் நன்மையாகச் சொல்கிறார்கள். சுவருக்கும் மரத்துக்கும் அது நன்மையே. ஆனால் கீழே அழுத்தும் சுமைக்காகக் கட்டப்பட்ட பழைய கூரையில் மேலே இழுக்கும் விசைக்கென்று தனியே எந்தப் பிடிப்பும் கிடையாது. ஓட்டின் கனமே பிடிப்பாக இருந்தது. கைமரம் சுவர்மேல் உட்கார்ந்திருந்ததே தவிர, சுவரோடு கட்டப்பட்டிருக்கவில்லை.

காற்றழுத்தத்தைக் கணக்கிட, காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி கூறுகிறது. மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்றுக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமமான விசையாகிறது. கூரையின் எல்லாப் பகுதியிலும் இது ஒன்றுபோல் இராது. சாய்வுக்கும் திசைக்கும் ஏற்ப மாறும். ஆனால் கதவோ சன்னலோ உடைந்து வீட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், உள்ளிருந்து தள்ளுவதும் வெளியிலிருந்து உறிஞ்சுவதும் சேர்ந்துகொள்ளும். இறவாரத்திலும் மூலைகளிலும் முகட்டை ஒட்டியும் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். 60 சதுர மீட்டருக்குப் பெருக்கிப் பார்த்தால் நான்கு டன். அதை எதிர்த்து நிற்க எங்களிடம் இருந்தது 300 கிலோத் தகடும், தாத்தா காலத்து இரண்டங்குல ஆணிகளும். அதே தர நிர்ணயம் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக எடுத்துக்கொள்வது வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 120 என்பது பயமுறுத்தச் சொன்ன கணக்கு அல்ல என்பது விளங்கும்.

2021 தை மாதத்தில் எல்லாவற்றையும் கழற்றினோம். இம்முறை வேலையைக் கையில் எடுத்தவர் எங்கள் ஊர் ஆசாரி ஒருவர். தகடு வேலையில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. ஆனால் மரம் எங்கே பிடிக்கும், எங்கே விடும் என்பது தெரிந்தவர். முதலில் சுவரின் தலையில் இருந்த தளர்ந்த செங்கல் வரிகளை எடுத்துவிட்டு, ஒன்பது அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமுமாகச் சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் பட்டை வார்த்தோம். சுற்றளவு 29 மீட்டர்; அந்தப் பட்டையின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. கூரையிலிருந்து இறக்கிய எடை அப்படியே சுவர்த்தலைக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும், எழுதிப் பார்த்தபோது மனத்துக்குத் திருப்தியாக இருந்தது. பட்டைக்குள் புதைத்துவிட்ட கம்பியோடு ஒவ்வொரு கைமரத்தையும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் வளைத்துக் கட்டினோம். எங்கள் கொத்தனார் கான்கிரீட் பட்டையிலிருந்து கீழ்ச் சுவருக்கும் ஆங்காங்கே துளையிட்டுக் கம்பி இறக்கினார். தாழ்ந்த உயரமுள்ள வீடுகளைப் புயலுக்குத் தாங்கும்படி செய்வது எப்படி என்பதற்கென்றே ஐ.எஸ். 15498 என்ற வழிகாட்டி 2004-இலிருந்து இருக்கிறது. கூரைக்கு வண்ணம் தேர்வு செய்யப் போகும் எந்த வீட்டுக்காரரிடமும் இதுவரை யாரும் அதைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்தது ரீப்பர். "இருக்கின்ற சட்டத்தின் மீதே" என்ற சொல் நேரடியாகத் தவறாகும் இடம் இதுதான். சீமை ஓட்டின் நீளம் 41 செ.மீ. அளவில் இருக்கும், மேலோடு கீழோட்டின் மீது படிவதுபோக, ரீப்பருக்கு ரீப்பர் ஏறத்தாழ 32 செ.மீ. இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். தகர ஓட்டில் படிபோல் மடிந்து இறங்கும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் அளவு உண்டு. பல வகைகளில் அது 35 செ.மீ., சிலவற்றில் வேறு. மடிப்பின் அடி எங்கே வருகிறதோ அங்கே ரீப்பர் இருந்தால்தான் தகடு ரீப்பரில் படிந்து உட்காரும். திருகும் மரத்தைப் பிடிக்கும். 32-க்கும் 35-க்கும் மூன்று செ.மீ. தானே என்று நினைக்கலாம். முதல் வரிசையில் மூன்று. ஐந்தாவது வரிசையில் பதினைந்து. அதன் பிறகு திருகு மரத்தில் இறங்குகிறதா வெறும் காற்றில் இறங்குகிறதா என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கழற்றியபோது திருகுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று எதையும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மேற்கூரைப் பலகை அடித்திருந்ததால் எங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே பழைய ரீப்பரைக் கழற்றிவிட்டு, வாங்கிய தகட்டின் மடிப்பை அளந்து, அதற்கேற்பப் புதிதாக அடிக்க வேண்டும். இறவாரத்தில் வரும் முதல் இடைவெளி மட்டும் மற்றவற்றைவிடக் குறையும். ஒரு தகட்டை மேலே வைத்துப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

திருகைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒழுகல் என்று வரும் புகார்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. கிடங்குகளுக்குப் போடும் பட்டைத் தகட்டில் மேட்டில் திருகிப் பழகியவர்கள் தகர ஓட்டிலும் மேட்டிலேயே திருகிவிடுகிறார்கள். ஓடு வடிவத் தகட்டில் மேட்டுக்கு அடியில் வெற்றிடம்தான் இருக்கிறது. இறுக்கினால் மேடு அமுங்கும். இறுக்காவிட்டால் காற்றில் திருகு ஆடி ஓட்டை பெரிதாகும். மடிப்புக்குச் சற்றுக் கீழே, தகடு ரீப்பரைத் தொடும் பள்ளத்தில்தான் திருக வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் ஓடுமே என்று கேட்பார்கள். அதற்காகத்தான் திருகின் தலைக்கடியில் ரப்பர் வளையம் இருக்கிறது. அந்த வளையம் தலையின் விளிம்புக்குச் சற்றே பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். பிழிந்து வெளியே தள்ளும்படி இறுக்கினால் இரண்டு கோடையில் வெடித்துவிடும். கோணலாக இறங்கினால் முதல் மழையிலேயே ஒழுகும். சதுர மீட்டருக்கு ஏழெட்டுத் திருகு நடுப்பகுதிக்குப் போதும். இறவாரத்திலும் பக்க விளிம்பிலும் முகட்டிலும் அதைவிட நெருக்கமாக வேண்டும். இன்னொன்று: இரும்புக் குழாயில் துளைத்து இறங்குவதற்கென்று துளைமுனை வைத்த திருகு வேறு, மரத்துக்கான அகன்ற புரி வைத்த கூர்முனைத் திருகு வேறு. முன்னதை மரத்தில் இறக்கினால் தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொண்டு பிடிப்பில்லாமல் நிற்கும். எங்கள் வீட்டில் முதலில் வந்தவர்கள் இறக்கியது முன்னது.

தகட்டின் தடிமன் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரி இருந்தது. நான் வாங்கியபோது 0.50 மி.மீ. என்று சொல்லித் தந்தார்கள். கழற்றிய பின், எங்கள் பள்ளி ஆய்வகத்திலிருந்து திருகு அளவியைக் கேட்டு வாங்கி வந்து அளந்தேன். மீச்சிற்றளவு 0.01 மி.மீ. உள்ள அந்தக் கருவியில், பத்து இடங்களில் அளந்த சராசரி 0.42 வந்தது. அதிலும் இருபுறத்து உலோகப் பூச்சும் வண்ணப் பூச்சும் சேர்ந்து 0.07 மி.மீ. வரை போய்விடும் என்பதால், எஃகு மட்டும் என்று பார்த்தால் 0.35-தான். கடைக்காரர்களில் சிலர் பூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள், சிலர் எஃகை மட்டும் சொல்வார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு, விலைச்சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். திருகு அளவி கிடைக்காதவர்கள் எடை போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான தகடுகள் 1,220 மி.மீ. அகலச் சுருளிலிருந்து உருவாக்கப்படுகின்றன. அப்படியானால் அரை மில்லிமீட்டர்த் தகடு ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.7 கிலோ அளவில் இருக்க வேண்டும். அரிசி மண்டித் தராசில் நிறுத்தினாலே தெரிந்துவிடும். அளவைப் பற்றிய இன்னொரு வழக்கமான வழக்கு, தகட்டின் முழு அகலத்துக்குக் காசு வாங்குவதா, பக்கப்படிவு போக மூடும் அகலத்துக்கு வாங்குவதா என்பது. இதையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அகத்தியம்பள்ளி உப்பளம் இருக்கிறது. சட்டியில் வைத்த உப்பு கசிவதுபோல் எங்கள் ஊரில் சன்னல் கம்பி கசியும். இப்படிப்பட்ட இடத்தில் வெறும் துத்தநாகப் பூச்சுத் தகட்டைவிட, நூற்றுக்கு 55 பங்கு அலுமினியமும் 43.4 பங்கு துத்தநாகமும் 1.6 பங்கு சிலிக்கனும் கலந்த பூச்சு கொண்ட தகடு நீண்ட நாள் தாங்கும். இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் எந்தப் பூச்சானாலும், உத்தரவாதப் பத்திரத்தை வாங்குவதற்கு முன்பே கடைசி வரி வரை படிக்க வேண்டும். கடலிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்கும் வீடுகளுக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரி பலவற்றில் இருக்கிறது. மழை படும் இடத்தைவிட மழை படாத இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்பது நான் பார்த்துக் கற்றது. மேற்பரப்பில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. இறவாரத்தின் அடிப்பக்கத்தில் படிந்தது அங்கேயே இருந்து அரிக்கிறது. பங்குனியிலும் ஆடியிலும் ஒரு முறை குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவிவிடுகிறேன். ஒரு மணி நேர வேலை.

வேலை நடக்கும்போது நாமே நின்று தடுக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, தகட்டைக் கூரை மேல் வைத்தே சுழல்கல் இயந்திரத்தால் அறுப்பது. தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் பக்கத்துத் தகட்டின் வண்ணத்தைச் சுட்டு உள்ளே இறங்கும்; மறுநாள் காலையிலேயே பழுப்புப் புள்ளிகள் தெரியும். தகடு வெட்டும் கத்தரியாலோ அதற்கென்று உள்ள இயந்திரத்தாலோ கீழே வைத்து வெட்ட வேண்டும். துளையிட்ட இரும்புத் தூளை அன்று மாலையே துடைப்பத்தால் பெருக்கித் தள்ள வேண்டும். மற்றொன்று, முகட்டையும் சுவரோரத்தையும் சிமெண்டால் பூசி அடைப்பது. ஓட்டுக்குச் செய்த பழக்கத்தில் நம் கொத்தனார்கள் இதைச் செய்துவிடுகிறார்கள். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்றுவிடும் என்பது ஒருபுறமிருக்க, வெயிலில் தகடு நீள்வதும் இரவில் சுருங்குவதுமாக இருப்பதால் பூச்சு நிற்கவும் நிற்காது. ஆறு மீட்டர் நீளத் தகடு நாற்பது பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்று மி.மீ. நீளும், சிமெண்டு அதற்கு இடம் கொடுக்காமல் விரிசல் விடும். முகட்டுக்கு அதற்கென்றே வளைத்த தகடும், அதன் அடியில் நுரைப்பட்டையும், சுவரோரத்துக்கு மடித்த தகடும்தான் முறை. தகடுகளின் பக்கப்படிவு மழைக்காற்று வரும் திசைக்கு முதுகு காட்டும்படி அடுக்கத் தொடங்குவதும் இதைப் போன்றதே. எங்கள் பக்கம் வடகிழக்கிலிருந்து மழை வருவதால் தென்மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கினோம்.

வெப்பத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மண் ஓடு தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி ஆவியாக்கித் தணிக்கும்; சந்துகள் வழியே சூடான காற்றை வெளியே விடும். தகடு இரண்டையும் செய்யாது. பளபளப்பான அலுமினியத் தாளை அடியில் விரிப்பது நல்லதுதான். ஆனால் தாளுக்கும் தகட்டுக்கும் இடையே ஓரிரண்டு அங்குலம் காற்று இடைவெளி விட்டால்தான் அது வேலை செய்யும். தகட்டோடு ஒட்ட வைத்துவிட்டால், சூட்டை வாங்கி அப்படியே கீழே கொடுக்கும் இன்னொரு உலோகமாகவே அது இருக்கும். அத்தோடு முகட்டில் காற்றுப்போக்கியும் கீழே மரப்பலகை அல்லது மூங்கில் தட்டிக் கூரையும் இருந்தால் பழைய ஓட்டு வீட்டின் குளிர்ச்சிக்கு ஓரளவு அருகில் வரலாம். வெயிலில் சீக்கிரம் சூடாகும் தகடு இரவில் சீக்கிரம் குளிரவும் செய்யும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தகட்டின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுவதை ஒழுகல் என்று நினைத்து, திருகுகளை எல்லாம் மறுபடி இறுக்கிக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். மழை ஓசையைப் பற்றி என்னைக் கேட்டால், முதல் மாதம் தூக்கம் போகும். பிறகு பழகிவிடும் என்பதுதான் நேர்மையான பதில்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. ஓட்டு வீடுகளில் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கூரையைத் தொட்டோ துளைத்தோ உள்ளே இறங்குவது சாதாரணக் காட்சி. மண் ஓடு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இத்தனை காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஒயர் வெட்டிய தகட்டின் கூரான விளிம்பில் காற்றுக்கு ஆடி ஆடி உரசினால், கூரை முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். மழைநீர்க் குழாயைத் தொடும் குழந்தைக்கு அது தெரியாது. தகடு ஏற்றுவதற்கு முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பைக் கூரையைத் தொடாத இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கூரையைத் தரையிணைப்பு செய்வதும், கசிவு மின்சாரத்தில் தானே துண்டிக்கும் கருவியைப் பலகையில் பொருத்துவதும் வீட்டுக்காரர் தள்ளிப்போடக் கூடாத செலவுகள்.

நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட எங்கள் பகுதிக்குத் தகர ஓடு செய்யும் ஒரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். பாசியும் மண்ணும் பிடிக்காத கூரையிலிருந்து இறங்கும் மழைநீரை, முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட்டுத் தொட்டியில் பிடித்தால், தை முடியும்வரை சமையலுக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, முதலில் வேலை செய்த குழுவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒரு நாளில் முடித்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். கைமரத்தைக் கட்டுவதும் ரீப்பரை மாற்றுவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வீட்டுக்காரர் கேட்பதும் இல்லை. நானும் கேட்கவில்லை. தகட்டுக்கு ஒரு விலை, அடிச்சட்டத்தைச் சரிசெய்வதற்கு ஒரு விலை, பொருத்துவதற்கு ஒரு விலை என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கேட்டிருந்தால், இரண்டாவது வரியில் பூச்சியம் இருப்பது என் கண்ணில் பட்டிருக்கும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வட்டார அலுவலகங்களில் நிவாரண விண்ணப்பங்கள் குவிகின்றன. அந்த அலுவலகங்களே புயலுக்கு முன்பாக, ஐ.எஸ். 15498-இல் கூரைக்குரிய பகுதியை மட்டும் படங்களோடு எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, தகடு விற்கும் கடைகளில் ஒட்டச் செய்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சர்களுக்கும் பற்றவைப்பவர்களுக்கும் இதை இரண்டு நாள் பாடமாகவாவது வைக்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன் கூரை மாற்றுபவர்கள் பலர் தங்கள் நாளிதழின் அந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். ஆகவே, "இருக்கின்ற மரச்சட்டத்தின் மீதே ஒரே நாளில் பொருத்திவிடலாம்" என்ற வாக்கியத்தை நீக்கி, "கைமரங்களைச் சுவரோடு பிணைத்து, தகட்டின் மடிப்பளவுக்கு ஏற்ப ரீப்பர்களை மாற்றி அடித்த பிறகே பொருத்த வேண்டும்" என்று திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், எங்கள் ஆசாரி வரைந்து வைத்திருக்கும் கைமரக் கட்டின் படத்தையும் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.